புது பேடு, இறங்கும் பெடல்: கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்களின் பிரேக் கேள்விகள்

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில் பட்டறை வைத்திருப்பவனுக்கு மே மாதக் கடைசியில் வரும் கேள்விகள் பெரும்பாலும் பிரேக்கைப் பற்றியவையாகவே இருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் பேடு (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) மாற்றிவிட வேண்டும் என்று பலர் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுவிடுகிறார்கள். மாற்றி முடித்த மாலையே பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று எழுதவும் செய்கிறார்கள். பஞ்சு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மிதித்தால் ஸ்பிரிங் போலத் துவண்டு கொடுக்கும் பெடல் வேறு. பாதி தூரம் சும்மா போய்ப் பிறகு கல்லாக நிற்கும் பெடல் வேறு. காலை வைத்துக் காத்திருக்கும்போது மெல்லத் தரையை நோக்கி இறங்கும் பெடல் வேறு. எது என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப ஏர் எடுத்தால், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை ஆயிலோடு வெளியேற்றிக்கொண்டே இருந்தால், பிரேக் ஆயில்தான் தீரும். ஆகவே அவரவர் காலுக்கு என்ன தெரிந்தது என்று எழுதியிருக்கிறார்களோ, அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (தேனி மாவட்டத்துக் கூடலூர் வாசகர்): முன் சக்கரப் பேடுகளை மட்டும் மாற்றினேன். பிரேக் ஆயில் போகும் எந்த டியூபையும் கழற்றவில்லை. ஆனால் முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போய்விட்டது. ஏழெட்டு முறை மிதித்தபின் சரியாகிவிட்டது. ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

பதில்: தவறு ஒன்றும் இல்லை, அந்த ஏழெட்டு மிதியை வண்டியை நகர்த்துவதற்கு முன்பே மிதித்தீர்களா என்பதுதான் என் கேள்வி. தேய்ந்த பேடுக்கு ஈடாக வெளியே வந்து நின்ற பிஸ்டனை, தடித்த புது பேடு உள்ளே நுழைவதற்காக நீங்கள் காலிபருக்குள் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) தள்ளியிருப்பீர்கள். அதனால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உண்டான இடைவெளியை ஒரே மிதியில் நிரப்பும் அளவுக்கு, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளாது. சில மிதிகளில் பிஸ்டன் தன் இடத்துக்கு வந்து சேரும், பெடலும் உயரும்.

இருபது வருடங்களுக்கு முன்பு, பெடலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பட்டறையிலிருந்து ஒரு காரைப் பின்னோக்கி எடுத்து, எதிர்ச்சாரியில் அடுக்கியிருந்த பன்னீர் திராட்சைப் பெட்டிகளில் ஏற்றியவன் நான். வேகம் குறைவு என்பதால் போனது திராட்சை மட்டும்தான். அன்றிலிருந்து, சக்கரத்தை மாட்டி முடித்ததும் ஸ்பேனரைக் கீழே வைப்பதற்கு முன் உள்ளே உட்கார்ந்து பெடல் கெட்டிப்படும்வரை மிதிப்பது என் வழக்கம்.

பிஸ்டனைத் தள்ளும்போது பழைய ஆயில் மேலேறி, மாஸ்டர் சிலிண்டருக்கு மேலுள்ள ஆயில் டப்பாவிலிருந்து வழிந்திருக்கலாம். அது பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால், பட்ட இடத்தைத் துணியால் துடைப்பதோடு விடாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இணைப்பு எதையும் திறக்காதபோது பைப்புக்குள் காற்று புகுவதற்குப் பொதுவாக வழியில்லை. எனவே உங்களுக்கு ஏர் எடுக்கும் வேலையே இல்லை. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பெடல் கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தால், புது பேடு டிஸ்க்கோடு இன்னும் படியவில்லை என்று பொருள். சமவெளிச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து நிதானமாகப் பலமுறை பிரேக் பிடித்துப் படிய வைத்தபிறகு மலையேறுங்கள்.

கேள்வி (நெடுங்கண்டம் வாசகர்): முன்பக்கக் காலிபர்கள் இரண்டும் துருப்பிடித்திருந்ததால் வேறு காலிபர் வாங்கி நானே மாட்டினேன். மூன்று முறை ஏர் எடுத்தும், அரை லிட்டர் ஆயில் தீர்ந்தும், பெடல் ஸ்பிரிங் போலவே இருக்கிறது. இங்குள்ள மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்.

பதில்: மாஸ்டர் சிலிண்டருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், காரின் முன் குனிந்து ஒன்றை மட்டும் பாருங்கள்: ஏர் எடுக்கும் நிப்பிள் காலிபரின் மேற்பகுதியில் இருக்கிறதா, கீழ்ப்பகுதியில் இருக்கிறதா? பல வண்டிகளில் இடது காலிபரும் வலது காலிபரும் கண்ணாடியில் பார்த்த பிம்பங்கள் போல ஒன்றாகவே தெரியும். பக்கம் மாற்றி மாட்டினாலும் போல்ட் சரியாகவே உட்காரும், பேடும் நுழையும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலே தேங்குவது என்பதால், கீழே உள்ள துளை வழியாக ஆயில்தான் வருமே தவிர, காலிபரின் உச்சியில் சிக்கிய குமிழி நகராது. ஒரு குடம் ஆயில் ஊற்றினாலும் அப்படித்தான். மலைமேலிருந்து இறங்கி என்னிடம் வரும் வண்டிகளில் இதை நான் கண்ட தடவைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் சில வீட்டில் மாட்டியவை அல்ல, பட்டறையில் மாட்டியவை. பிரேக் ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும்; உங்கள் கால் உணரும் ஸ்பிரிங் அந்தக் குமிழிதான்.

அப்படி இருந்தால் காலிபர்களை இடம் மாற்றி மாட்டுங்கள். டியூபைக் காலிபரோடு சேர்க்கும் போல்ட்டின் இரு பக்கமும் புதிய செப்பு வாஷர் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை கசியும். பிறகு ஏர் எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நம் கார்களில் ஸ்டியரிங் வலப்புறம் என்பதால் அது பெரும்பாலும் பின் இடது சக்கரமாக இருக்கும். அடுத்து பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. பிரேக் லைனை மூலைக்கு மூலை பிரித்திருக்கும் வண்டிகளில் வரிசை மாறலாம். வண்டியோடு வந்த கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதுவே சரி.

நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் டியூபைச் செருகி, அதன் மறுநுனி கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை நிதானமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க, ஆயிலும் குமிழியும் வரும். நிப்பிளை மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். மூடுவதற்கு முன் கால் மேலே வந்தால், வெளியேறிய காற்று அதே வழியாகத் திரும்பிப் போகும். பெடலை வேகமாகக் குத்தினால் பெரிய குமிழி சிறு சிறு நுரையாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், அதை வெளியேற்றுவது இன்னும் கடினம். நாலைந்து தடவைக்கு ஒருமுறை மேலே டப்பாவைப் பாருங்கள். டப்பா வறண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கேள்வி (வண்டிப்பெரியாறு வாசகி): நானும் என் மகனும் சேர்ந்துதான் பழைய காரில் ஏர் எடுத்தோம். அவன் சக்கரத்தருகே இருந்தான், நான் பெடலைத் தரைவரை மிதித்தேன். ஓட்டும்போது நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் குமுளிச் சோதனைச்சாவடி வரிசையில் பிரேக்கில் கால் வைத்து நிற்கும்போது பெடல் மெதுவாக இறங்குகிறது. மறுபடி ஏர் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. காற்று இருந்தால் பெடல் துவளும். பிடித்த இடத்திலிருந்து தானாக இறங்காது. இறங்குகிறது என்றால் ஆயில் எங்கேயோ போகிறது. முதலில் நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் டியூப் இணைப்புகளையும், பிறகு காரின் உள்ளே பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் தண்டு நுழையும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லை, டப்பாவில் ஆயிலும் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் கப் அழுத்தத்தைத் தாங்காமல் ஆயிலைப் பின்னால் விடுகிறது என்று முடிவு செய்யலாம்.

இதற்கும் நீங்கள் தரைவரை மிதித்ததற்கும் தொடர்பு இருக்கக்கூடும். அன்றாட ஓட்டத்தில் பெடல் மேல்பாதிக்குள்ளேயே வேலை செய்யும். சிலிண்டரின் அடிப்பகுதிக்கு ரப்பர் போவதே இல்லை. பத்து வருடங்களாகத் தொடாத அந்தப் பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்க, ஏர் எடுக்கும் நாளில் முழுதாக மிதித்தால் ரப்பரின் விளிம்பு அதில் உரசிக் கிழிகிறது. அதனால்தான் பழைய வண்டிகளில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டு, அது பாதிக்குமேல் இறங்காதபடி வைத்துக்கொள்கிறோம். உள்ளே உள்ள ரப்பர்கள் அடங்கிய கிட்டை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சிலிண்டரின் உட்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால் கிட் மாதக்கணக்கில்கூட நிற்காது, முழுச் சிலிண்டரையே மாற்றுங்கள். அதுவரை அந்தக் காரில் மலைப்பாதையில் இறங்கக் கூடாது.

கேள்வி (போடிநாயக்கனூர் வாசகர்): பின் சக்கரங்களில் பிரேக் ஷூ மாற்றியபின் பெடல் மிகக் கீழே போய்தான் பிடிக்கிறது. உடனே இரண்டாவது முறை மிதித்தால் மேலேயே நிற்கிறது.

பதில்: இரண்டாவது மிதிக்கு உயர்ந்து கல்லாக நிற்கிறது என்று எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஷூவுக்கும், அது உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். முதல் மிதி அந்த வெற்றிடத்தைக் கடப்பதிலேயே செலவாகிறது. கை பிரேக் கேபிளை முழுதாகத் தளர்த்திவிட்டு, அந்த இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஷூ டிரம்மில் லேசாக உரசும் ஓசை கேட்கும்வரை கொண்டுவாருங்கள். பிறகுதான் கேபிளை இறுக்க வேண்டும். கேபிளை முதலில் இறுக்கினால் கை பிரேக் நன்றாகப் பிடிப்பதுபோல் தோன்றும், பெடல் மட்டும் கீழேயே கிடக்கும்.

சரிசெய்தும் ஒரு வாரத்தில் பெடல் மறுபடி இறங்கினால் இடது, வலது அட்ஜஸ்டர்களை மாற்றிப் போட்டீர்களா என்று பாருங்கள். பல்சக்கரம் வைத்த பல வண்டிகளில் இரண்டின் மரையும் எதிரெதிர்த் திசையில் இருக்கும், ஆகவே பக்கம் மாறினால் தானாக இறுக வேண்டியது தானாகத் தளரும். ஒரு பக்கத்தை முடிக்கும்வரை மறுபக்கத்தைப் பிரிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க ஒரு முழுமையான பக்கம் எப்போதும் கைவசம் இருக்கும்.

கேள்வி (பூப்பாறை வாசகர்): பேடு புதிது, ஏர் எடுத்தாகிவிட்டது, எங்கள் ஊருக்குள் ஓட்டினால் பெடல் கெட்டியாக இருக்கிறது. போடிமெட்டிலிருந்து கீழே இறங்கும்போது மட்டும் பாதி வழியில் பெடல் தளர்ந்துவிடுகிறது. முந்தல் வந்து சற்று நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது.

பதில்: ஆறினால் சரியாகும் கோளாறு சூட்டினால் வருவது. 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் டிஸ்க்கின் வெப்பம் பேடு வழியாகக் காலிபருக்கு ஏறி, உள்ளே இருக்கும் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. கொதித்த ஆயில் ஆவிக் குமிழியாகிறது. ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும்.

பேடு மாற்றிய கையோடு இது தொடங்கியதால், நீங்கள் ஊற்றிய ஆயிலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். டாட் 3 என்ற தரக் குறியீடு கொண்ட ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு அவை 230, 155. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. சென்ற மழைக்காலத்தில் திறந்து, மூடியைச் சாத்தி, ஏலக்காய் ஸ்டோரின் மூலையில் வைத்த டின்னில் மீதமிருந்ததை ஊற்றியிருந்தால், புது ஆயில் என்ற பெயரில் நீங்கள் ஊற்றியது ஈரம் ஏறிய ஆயில். சிறிய டின்னாக வாங்கி, மிச்சத்தை மறந்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஆயிலையும் மாற்றுங்கள். எண் பெரிது என்பதற்காக டாட் 5 வாங்கிவிட வேண்டாம். அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாதது. டப்பா மூடியில் எழுதியிருப்பதே உங்கள் வண்டிக்கு உரியது.

அடுத்து, காலிபர் நழுவ உதவும் ஊசிகள் கையால் தள்ளினால் வழுவழுவென்று நகர்கின்றனவா என்று பாருங்கள். இறுகியிருந்தால் காலை எடுத்த பின்னும் பேடு உரசிக்கொண்டே வந்து, இறக்கம் தொடங்கும் முன்பே டிஸ்க்கைச் சூடாக்கியிருக்கும். இவை இரண்டும் சரி என்றால் மிச்சம் இருப்பது ஓட்டும் பழக்கம். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் இந்த மலையில் ஏறி இறங்கும் ஜீப் ஓட்டுநர்களைக் கவனியுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குகிறார்கள், வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்திப் பிடித்து உடனே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (சின்னமனூர் வாசகர்): ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் ஏர் எடுக்கும்போது டப்பா வறண்டுவிட்டது. அதன்பின் எத்தனை முறை எடுத்தும் பெடல் துவள்கிறது.

பதில்: காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்ச் சிக்கியிருக்கலாம். அதனுள் இருக்கும் வால்வுகளில் சில சாதாரண நேரத்தில் மூடியிருப்பதால் பெடலை மிதித்து அந்தக் காற்றை வெளியேற்ற முடியாது. ஸ்கேனர் கருவியை மாட்டி, பம்ப்பையும் வால்வுகளையும் ஓடவிட்டுக்கொண்டே ஏர் எடுக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், கருவி இருக்கும் பட்டறை இப்போது தேனியிலேயே கிடைக்கும். வண்டியை ஓட்டிச் செல்லாமல் ஏற்றிச் செல்லுங்கள்.

கேள்வி (குமுளி வாசகர்): எல்லாம் முடித்து, இன்ஜினை அணைத்துவிட்டு மிதித்தால் பெடல் கல்லாக நிற்கிறது. கால் அதிலேயே இருக்கும்போது இன்ஜினைப் போட்டால் ஓர் அங்குலம் இறங்குகிறது. இதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைத்து அது உங்கள் காலுக்கு உதவிக்கு வருகிறது. அதனால் பெடல் சற்று இறங்கி அங்கேயே நிற்கும். இறங்காமல் இருந்திருந்தால்தான் நீங்கள் எனக்கு எழுதியிருக்க வேண்டும்.