கேளுங்க வாத்தியாரே: லிங்கனை நீட்டலாமா?

(கொடைக்கானலில் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், இந்த இதழில் மேடைப்பேச்சு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பேச்சுப்போட்டிக்கு லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். நிறுத்தி நிதானமாகப் பேசினாலும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதைச் சேர்த்து நீட்டலாம் ஐயா?
பிளஸ் டூ மாணவி, பெருமாள்மலை

நீட்டாதே தாயி. அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலில் சொல், ஐந்து நிமிடம் பற்றாது.

1863 ஜூலை முதல் மூன்று நாள், அமெரிக்க உள்நாட்டுப் போரில், பென்சில்வேனியாவில் இருக்கும் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரில் கடும் சண்டை. அதில் செத்த வீரர்களுக்கு அமைத்த இடுகாட்டை அர்ப்பணிக்க நவம்பர் 19-ல் கூட்டம் போட்டார்கள். (நம் கொடைக்கானல் ஏரியை மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கியதும் அதே 1863-ல்தான். நடுவர் மலைக்காரராக இருந்தால் இதைச் சொல்லிப் பார், நிமிர்ந்து உட்காருவார்.) கூட்டத்தின் முக்கியப் பேச்சாளர் லிங்கன் இல்லை, எட்வர்ட் எவரெட். ஹார்வர்டுக்குத் தலைவராகவும் மாசசூசெட்ஸ் ஆளுநராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்த பெரிய மனிதர். இரண்டு மணி நேரம் பேசினார். ஜனாதிபதியைக் கூப்பிட்டது ஒப்புக்குச் சில வார்த்தை சொல்லத்தான். லிங்கன் எழுந்தார், பத்து வாக்கியம், சுமார் 270 சொல், உட்கார்ந்துவிட்டார். நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட இடத்துக்குப் பக்கத்திலாவது நான் இரண்டு மணி நேரத்தில் வந்திருந்தால் சந்தோஷம் என்கிற பொருளில் மறுநாள் எவரெட்டே அவருக்குக் கடிதம் எழுதினார்.

உன் மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். ஒரு இடத்தில் ‘அர்ப்பணம்’, அடுத்ததில் ‘காணிக்கை’, அப்புறம் ‘சமர்ப்பணம்’, ‘படையல்’. ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் சிவப்பு மையில் சுழித்த ஆசிரியர்கள் செய்த வேலை இது. அதில் நானும் ஒருவன். லிங்கன் ‘டெடிகேட்’ என்ற ஒரே சொல்லை ஆறு தடவை சொல்கிறார். முதலில் எல்லோரும் சமம் என்ற கருத்துக்கு ஒரு நாடு அர்ப்பணிக்கப்பட்டது என்கிறார். அப்புறம் இந்த நிலத்தை அர்ப்பணிக்க வந்தோம் என்கிறார். உடனே, நம்மால் அது முடியாது, இங்கே போராடியவர்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்கிறார். கடைசியில், மிச்சமிருக்கும் வேலைக்கு நாம்தான் நம்மை அர்ப்பணிக்க வேண்டும் என்று சொல்லைத் திருப்பி, கேட்பவர்கள் மடியில் வைத்துவிடுகிறார். சொல்லை மாற்றினால் இந்தத் திருப்பம் காணாமல் போகும். ஆறு இடத்திலும் ‘அர்ப்பணம்’ என்றே வை. இன்னொன்றையும் கவனி. உரை முழுக்கத் தேடினாலும் எதிரியைத் திட்டி ஒரு வார்த்தை கிடையாது, அந்த ஊரின் பெயர்கூடக் கிடையாது.

நீளமாகப் பேசி என்ன ஆகும் என்பதற்கு என் பணி நிறைவு விழாவே சாட்சி. 40 நிமிடம் பேசினேன். நடுவில் மண்டபத்துக்குள் மேகம் இறங்கி முன்வரிசையே தெரியவில்லை. சரி, நல்லதாகப் போயிற்று என்று தொடர்ந்தேன். மேகம் விலகியபோது பின்னால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டம்மா மட்டும் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தாள்.

மார்ட்டின் லூதர் கிங் ‘எனக்கொரு கனவு’ உரையைத் தாளைப் பார்த்துப் படித்தாரா, மனதில் வந்ததைப் பேசினாரா?
பூண்டு விவசாயி, பூம்பாறை

இரண்டும்தான். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன், லிங்கன் நினைவிடத்துப் படிகள், எதிரே சுமார் இரண்டரை லட்சம் பேர். எழுதி வந்த தாளைப் பார்த்துத்தான் பெரும்பகுதியும் பேசினார். அந்தத் தாளில் கனவு இல்லை. பக்கத்தில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், அந்தக் கனவைச் சொல்லுங்கள் மார்ட்டின் என்று குரல் கொடுத்ததாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து பேச்சு தாளை விட்டு எழுந்துவிட்டது. ஆனால் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததல்ல. இரண்டு மாதம் முன்பே டெட்ராய்ட்டில் கனவைப் பேசியிருந்தார். உங்கள் வீட்டுப் பரணில் கட்டித் தொங்கும் பூண்டு மாதிரி, கை நீட்டியதும் கிடைத்தது.

சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றிப் பேச எங்கள் ஊரில் என்னை அழைத்திருக்கிறார்கள். இன்னும் பிரசவத்துக்கு டோலி கட்டித்தான் தூக்கிப் போகிறோம். அன்று அதைப் பேசினால் மரியாதைக் குறைவா?
மன்னவனூர்ப் பக்கத்துச் சிற்றூர் வாசகர்

பேசுங்கள் தம்பி. ஃபிரெடரிக் டக்ளஸ் அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி வந்தவர். 1852-ல் ராச்செஸ்டர் நகரத்தில் அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கம் அவரைச் சுதந்திர தின உரைக்கு அழைத்தது. அந்த வருஷம் ஜூலை 4 ஞாயிற்றுக்கிழமை, அதனால் 5-ம் தேதி பேசினார். எடுத்தவுடன் பாயவில்லை. நாட்டை உருவாக்கியவர்கள் துணிச்சல்காரர்கள் என்று மனதாரப் புகழ்ந்தார். கூட்டம் தளர்ந்து உட்கார்ந்த பிறகுதான், உங்கள் ஜூலை 4 ஒரு அடிமைக்கு என்ன என்று கேட்டார். ‘உங்கள்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் அடி விழுந்தது.

நீங்களும் தியாகிகளில் ஆரம்பித்து டோலிக்கு வாருங்கள். ஆனால் ‘உங்கள் சுதந்திரம்’ வேண்டாம். அவரை அந்த நாடு வெளியே நிறுத்தியிருந்தது, உங்கள் கையில் ஓட்டு இருக்கிறது. ‘நம் சுதந்திர தினத்தில் நம் பெண்களை இப்படித் தூக்கிப் போகிறோம்’ என்று சொல்லுங்கள். டோலி தூக்கிய நால்வரையும் முன்னால் நிற்க வையுங்கள். மிட்டாய் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள், அப்புறம் பிள்ளைகள் நிற்காது.