ஹைபிரிட் மெமரி ஃபோம் மெத்தை வீட்டில் எல்லாருக்கும் ஒத்துவருமா?

நாகர்கோவிலில் வீடு, நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவர், கணவர் மல்லாந்து, மாமியாருக்கு இடுப்பு வலி என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் ஒரே மெத்தை சரிப்படாது.

ஹைபிரிட் என்றால் கீழே துணிப்பைக்குள் தனித்தனி ஸ்பிரிங், மேலே மெமரி ஃபோம். 1966-இல் நாசாவுக்காக விமான இருக்கைக்கு உருவாக்கிய ஃபோம் அது. உடல் சூட்டில் இளகி வளைந்து கொடுக்கும். அந்தச் சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுதான் தொல்லை. ஸ்பிரிங் அடுக்கில் காற்று ஓடுவதால் முழு ஃபோமைவிட இது பரவாயில்லை.

உங்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், அதனால் மேலே இரண்டு மூன்று அங்குல ஃபோம் இருக்கட்டும். கணவருக்கு நடுத்தர இறுக்கம் போதும். நீங்கள் புரண்டாலும் தனி ஸ்பிரிங் என்பதால் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. குப்புறப் படுப்பவர்களுக்கு மட்டும் மெத்தென்று இருந்தால் இடுப்பு தொய்ந்துவிடும்.

மாமியாருக்கு? ஓரத்தில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள். ஓரம் சரிந்தால் வேண்டாம். பழகிய தேங்காய் நார் மெத்தையே அவருக்குச் சுகமாக இருந்தால் மாற்றவும் வேண்டாம் (என் ஓட்டும் அதற்குத்தான்).

கடையில் கையால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வழக்கமாகப் படுக்கும் வாகில் கால் மணி நேரம் படுங்கள். அப்புறம், இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். தரையில் போடாமல் இடைவெளியுள்ள பலகைக் கட்டிலில் போடுங்கள், இல்லையென்றால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.