சதுரங்கக் கட்ட எண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி மணி, அடுத்தடுத்த கட்டத்தில் இரட்டிப்பு என்று 64 கட்டங்களுக்கும் வைத்தால் மொத்தம் 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தது. அந்த 18446744073709551615 பற்றி வந்த கேள்விகள் இவை.

இது பகா எண்ணா?

கடைசி இலக்கம் 5. அதைப் பார்த்த பிறகுமா இந்தக் கேள்வி?

9-ஆல் வகுபடுமா?

இலக்கங்களைக் கூட்டினால் 87. 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

காரணிப்படுத்த கம்ப்யூட்டர் வேண்டாமா?

வேண்டாம். இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பிரிக்கும் பள்ளிச் சூத்திரத்தையே திரும்பத் திரும்பப் போடுங்கள். 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 என்று வந்துவிடும். முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார். அதன் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். இது தெரிந்தால் 193, 257, 449, 577 என்று பார்த்துக்கொண்டே போய் ஐந்தாவது முயற்சியில் 641-ஐப் பிடித்துவிடலாம்.

வகுத்திகள் எத்தனை?

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஆகவே 128.

எக்செலில் போட்டேன், 18446744073709600000 என்று வந்தது. அப்படியானால் லட்சத்தால் மீதியின்றி வகுபடுகிறதே?

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டே இருக்கிறது. எக்செல் 15 இலக்கங்கள்தான் காட்டும். மிச்ச இடத்தில் பூஜ்யம் போட்டு நிரப்பும். அந்தப் பூஜ்யங்கள் எண்ணின் குணம் அல்ல. சந்தேகமிருந்தால் ஒரு கட்டத்தில் 2-இன் 64-ஆம் அடுக்கையும் இன்னொன்றில் அதிலிருந்து 1 கழித்ததையும் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். 0 என்று வரும்! புள்ளி வைத்த எண்களுக்குக் கம்ப்யூட்டர் வழக்கமாகப் பயன்படுத்தும் 64 பிட் இரும முறையில் 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான் (சுமார் 90 கோடி கோடி) எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைத்திருக்க முடியும். 2-இன் எந்த அடுக்கும் பூஜ்யத்தில் முடியாது. 2, 4, 8, 6 என்றே சுற்றி வரும். 64-ஆம் அடுக்கு 6-இல் முடிகிறது, 1 போனால் 5. இதைக் கண்டுபிடிக்கக் கால்குலேட்டர் எதற்கு? லட்சத்தால் வகுபடுமா என்ற கேள்விக்குக் கடைசி இலக்கங்கள்தான் முக்கியம், எக்செல் முதலில் தொலைத்துவிடுவதும் அவற்றைத்தான். பெரிய எண்ணை மீதி வைத்துச் சோதியுங்கள், திரையை நம்பாதீர்கள்.

கடைசிக் கட்டத்தில் இத்தனை அரிசி மணியா?

இல்லை, இது 64 கட்டங்களுக்கும் சேர்த்து. கடைசிக் கட்டத்தில் 2-இன் 63-ஆம் அடுக்கு, அதாவது பாதியும் ஒரு அரைமணியும். மணிக்கு 25 மில்லிகிராம் வைத்தால் மொத்தம் சுமார் 46,000 கோடி டன்.

வடிவியலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. மேலே வந்த காரணிகளில் முதல் ஐந்தின் (3, 5, 17, 257, 65537) பெருக்கம் 4294967295. அத்தனை பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம், கொள்கையளவில். ஒற்றைப்படைப் பக்கங்களில் இதைவிடப் பெரியது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

1 கூட்டினால் பகா எண்ணா?

எதோடு கூட்டினால்? இந்த எண்ணோடு என்றால் 2-இன் அடுக்கு வரும், பகா எண் அல்ல. 2-இன் 64-ஆம் அடுக்கோடு என்றாலும் இல்லை: 274177-ஆல் வகுபடும், 1880-இல் லாந்த்ரி என்ற கணிதர் வெளியிட்டது. அடுத்த முறை கேள்வியை முழுசாக எழுதி அனுப்புங்கள்.