400 கட்டுரை, எச்-இண்டெக்ஸ் 70: ஸ்டெம் செல் மாற்று ஆய்வாளர் ஒருவரின் பதிவை எப்படிப் படிப்பது?

எச்-இண்டெக்ஸ் 70 என்றால், குறைந்தது 70 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 70 இருக்கின்றன. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு இது. நல்ல எண்தான், ஆனால் இந்தத் துறையில் அதை அப்படியே நம்பிவிட முடியாது.

காரணம், ரத்த ஸ்டெம் செல் மாற்று (ரத்தத்தை உருவாக்கும் செல்களை நோயாளியின் உடலில் செலுத்தும் சிகிச்சை) செய்துகொள்பவர்கள் ஒரு மருத்துவமனையில் கொஞ்சம் பேர்தான். அதனால் பல மையங்களின் தரவைச் சேர்த்து வைக்கும் பதிவேடுகளிலிருந்து ஆய்வுகள் வருகின்றன. ஐரோப்பாவில் ஈபிஎம்டி, அமெரிக்காவில் சிஐபிஎம்டிஆர். அப்படி வரும் கட்டுரையில் 20, 30 பெயர்கள் சர்வசாதாரணம். நோயாளி விவரம் அனுப்பியவரும் நடுவில் ஒரு பெயராக இருப்பார். ஆகவே நான் முதலில் பார்ப்பது பெயர் வரிசையைத்தான். முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் வழிநடத்தியவர். 400-இல் இந்த இரண்டு இடங்களிலும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், படம் மாறிவிடும்.

அடுத்து, அதிக மேற்கோள் பெற்ற ஐந்து கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். வழிகாட்டு நெறிமுறைகளும் நோய்த் தீவிர அளவுகோல்களும் மேற்கோளை அள்ளிக் குவிக்கும். தானமாக வந்த செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஜிவிஹெச்டி-யைத் தரம்பிரிக்க 1974-இல் வந்த கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். (சுய மேற்கோளையும் கழித்துப் பாருங்கள்.)

எண்ணிக்கையில் சிக்காத விஷயமும் உண்டு. இந்தச் சிகிச்சையின் முன்னோடியான டோனல் தாமஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில் ஆறே நோயாளிகள். ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. அவருக்கு நோபல் கிடைத்தது 1990-இல்.