திண்ணையிலிருந்து குதித்தால் முழங்கால் வலிக்கிறது, பார்கூரை எங்கிருந்து தொடங்குவது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து 24 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாலு மாதமாக வீடியோ பார்த்துப் பார்கூர் பழகுகிறேன், அதுதான் சுவர், படி, இடைவெளி என்று வழியில் வருவதை ஓடியும் ஏறியும் தாண்டியும் கடக்கிற பயிற்சி. திண்ணையிலிருந்தும் மதிலிலிருந்தும் குதித்துக் குதித்து இப்போது முழங்கால் சில்லுக்குக் கீழே வலி. சத்தம் கேட்டாலே அப்பத்தா வேறு திட்டுகிறார். ஆறடி இடைவெளியைத் தரையில் தாண்டிவிடுகிறேன், அதே ஆறடி இரண்டு சுவருக்கு நடுவில் இருந்தால் கால் நகர மாட்டேன் என்கிறது. இங்கே சொல்லித்தர ஆள் இல்லை. உடம்பையும் மனசையும் எப்படித் தயார் செய்வது? என்ன ஷூ வாங்குவது?"

முதலில் உயரத்திலிருந்து குதிப்பதை நிறுத்துங்கள் தம்பி, வலி அடங்கும் வரைக்கும்தான். சில்லுக்குக் கீழே இந்த இடம் என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது என்றால், பெரும்பாலும் அது சில்லையும் கால் எலும்பையும் இணைக்கிற தசைநாண். தசை சில வாரங்களிலேயே பலம் பிடித்துவிடும், தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும், அதனால் 'நமக்குத்தான் பலம் வந்துவிட்டதே' என்று நினைக்கிற உங்கள் நாலாவது மாதம்தான் ஆபத்தான மாதம். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 45 வினாடி இருங்கள், நடுவில் இரண்டு நிமிடம் விட்டு ஐந்து தடவை, வலி கூடாத அளவில். வீக்கம் வந்தாலோ, முழங்கால் பூட்டிக்கொண்டாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள், வீடியோவைப் பார்க்காதீர்கள்.

இனி இறங்குவதற்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் கற்றுக்கொள்ளாமல் விட்டது அதைத்தான். ஒரு செங்கல்லை வையுங்கள், அதன் மேல் வெறுங்காலோடு ஏறி நின்று இறங்குங்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'தொம்' என்று கேட்டால் குதிகால் அடிக்கிறது, அந்த அதிர்ச்சி நேராக முழங்காலுக்குப் போகிறது. முன்பாதம் முதலில் பட்டு, குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க, முழங்காலும் இடுப்பும் சேர்ந்து மடிந்தால் பூனை இறங்கின மாதிரி 'தப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். முழங்கால் கால்விரல் பார்க்கிற திசையிலேயே போக வேண்டும், உள்பக்கம் சாயக்கூடாது, 90 டிகிரிக்கு மேல் மடங்கி உட்காரவும் வேண்டாம். உள்ளே இருக்கிற அப்பத்தாவுக்குக் கேட்காமல் இறங்க முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். உண்மையில் அவரைவிட நல்ல கோச் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். செங்கல், அப்புறம் வாசல் படி, அப்புறம் முழங்கால் உயரம், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வாரம். ஒரு நாளைக்கு முப்பது தடவை போதும், வாரத்தில் மூன்று நாள் போதும். உங்கள் வீட்டுத் திண்ணை நாலடி இருக்கும், அது இந்த வருஷக் கடைசிக்கு இருக்கட்டும்.

மற்ற நாட்களில் என்ன செய்வது? பார்கூருக்கு முன்னோடியான 'இயற்கை முறை'ப் பயிற்சியை வகுத்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர், நடை, ஓட்டம், தாண்டல், நாலு காலில் நடப்பது, ஏறுவது, சமநிலை, எறிவது, தூக்குவது, தற்காப்பு, நீச்சல் என்று பத்து வகை சொன்னார். அதில் தாண்டல் ஒன்றே ஒன்று, நீங்கள் நாலு மாதமாக அதை மட்டும் செய்திருக்கிறீர்கள். கையையும் காலையும் ஊன்றி, முழங்கால் தரையில் படாமல் முற்றத்தை மூன்று சுற்று சுற்றிப் பாருங்கள், தோள் கழன்றுவிடும் போலிருக்கும். தண்டால், பஸ்கி, வேப்பங்கிளையில் தொங்குவது, செங்கல் வரிசை மேல் நடப்பது எல்லாம் இதற்குள்ளேயே வரும். வால்ட் என்று வீடியோவில் காட்டுகிற, கை ஊன்றித் தடையைத் தாண்டுவது ஒன்றும் புதுசில்லை, சின்ன வயதில் பச்சைக்குதிரை தாண்டியவருக்குக் கை ஊன்றும் இடம் தெரியும், கல்லா மண்ணா ஆடியவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியும்.

சரி, பயம். சுவரில் கால் நகராததற்குக் காரணம் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. தரையில் தாண்டும்போது எத்தனை தடவை தடுமாறி ஒரு எட்டு கூடுதலாக வைத்தீர்கள் என்று நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள், உடம்பு எண்ணி வைத்திருக்கிறது. சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். கோட்டில் இரண்டு பாதமும் ஒன்றாகப் பட்டு, இரண்டு வினாடி ஆடாமல் நிற்க வேண்டும், பத்துக்குப் பத்து. ஒன்பது வந்தால் ஆறடி உங்களுக்கு இன்னும் ஆறடி இல்லை, ஐந்தாகக் குறையுங்கள். பத்தும் வந்தபின் செங்கல் வரிசை, அதன்பின் முழங்கால் உயரச் சுவர். எட்டாமல் போனால் எப்படி இறங்குவது என்பதையும் அந்த உயரத்திலேயே பழகுங்கள், வேண்டுமென்றே குறைவாகத் தாண்டி, முன்பாதத்தால் சுவரைத் தொட்டுவிட்டுத் தரையில் இறங்குங்கள். தவறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் 'சிராய்ப்பு' என்று பதில் வந்தால் போகலாம், 'ஆஸ்பத்திரி' என்று வந்தால் அது பயிற்சி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று தடவை எண்ணியும் போகவில்லையா, இறங்கி வந்துவிடுங்கள். அரை மனசோடு குதிப்பதுதான் பல்லை உடைக்கும். கூட்டாளி கையில் கேமரா இருக்கிற அன்றைக்குப் புதுத் தாண்டல் எதுவும் வேண்டாம்.

இடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் ஆசை காட்டும், ஏறாதீர்கள். வீடு இன்னொருவருடையது என்பது ஒரு பக்கம், சுண்ணாம்புப் பூச்சு உப்பி நிற்கும் கைப்பிடிச்சுவர் பிடித்த கையோடு வரும், ஓடு காலோடு போகும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரக்காலோ சாக்ஸோ கூடாது, வழுக்கிவிடும். ஊருணிப் படியில் பாசி, அதோடு அது ஊர் குடிக்கிற தண்ணீர். உருண்டு எழப் பழகக் கண்மாய்க்கரை மணல் நல்லது, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக உருள வேண்டும், தலையும் நடு முதுகெலும்பும் தரையில் படக்கூடாது.

ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். தட்டையான, மெல்லிய, வளைகிற ரப்பர் அடி இருந்தால் சரி, ஓட்டப்பந்தய ஷூவின் தடித்த மெத்தை தரையை மறைத்துவிடும். முதல் மூன்று மாதம் பாதி நேரம் வெறுங்கால்தான், சித்திரை வெயிலில் முற்றத்துத் தரை பழுத்துவிடும் என்பதால் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.