ஆஞ்சியோவுக்கு முன் மெட்ஃபார்மினை நிறுத்தணுமா?

அப்பாவுக்கு கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 1.6, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், வியாழக்கிழமை ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாயைப் படமெடுக்கும் பரிசோதனை) என்று எழுதியிருந்தீர்கள். அந்த 1.6-ஐ இன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அன்று காலை வரை காத்திருக்க வேண்டாம். ரத்தக்குழாயில் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அதனால் சிறுநீரகம் மேலும் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பொதுவாக ஆஞ்சியோ அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து கிரியாட்டினின் பார்த்தபிறகே மறுபடி தொடங்கச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறாரா? அதையும் சொல்லுங்கள், சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை.

கை வழியாகச் செய்தால், வீட்டில் மணிக்கட்டுத் துளையில் ரத்தம் கசிந்தால் விரலால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நிற்காவிட்டால் 108.