அதே நிற எண், ஆனால் வேறு சாயம்

ஸ்வெட்டர் முக்கால்வாசி முடிந்ததும் நூல் தீர்ந்துவிட்டது, அதே நிற எண்ணில் வாங்கியும் நிறம் ஒட்டவில்லை என்கிறீர்கள். லேபிளில் லாட் எண்ணையும் (ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூலுக்கெல்லாம் போடும் எண்) பாருங்கள். ஒவ்வொரு முறை சாயம் தோய்க்கும்போதும் நிறம் கொஞ்சம் மாறும்.

முதலில் உங்கள் பின்னல் குழுவில் பழைய நூலின் லாட் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அதே கடையில் வாங்கிய யாரிடமாவது ஓர் உருண்டை மிச்சம் கிடக்கும் (பின்னுகிறவர்கள் வீட்டில் நூலுக்கா பஞ்சம்?).

கிடைக்கவில்லையா, சரி, கடைசிச் சில அங்குலத்தைப் பிரித்துவிடுங்கள். மனசு வராதுதான். அப்புறம் பழைய நூலில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லைக்கோடு தெரியாமல் கலந்துவிடும். கழுத்துப் பட்டி பாக்கி இருந்தால் அதை முழுக்கப் புது நூலிலேயே போடலாம். அங்கே பின்னலே வேறு, வித்தியாசம் உறுத்தாது.